ஜெய்ப்பூர் பட்காவின் கறுத்த சரிகை: துலக்கலாமா, வெளிநாடு கொண்டுபோகலாமா?

கேள்வி: என் கணவரின் தாத்தா ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் பொறியாளராக இருந்தவர். 1938இல் தர்பாரில் அவருக்கு அளிக்கப்பட்ட இடைக்கச்சை ஒன்று எங்களிடம் இருக்கிறது. மெல்லிய வெள்ளை மஸ்லின் துணி. இரு முனைகளிலும் பட்டு நூலாலும் சரிகையாலும் பூச்செடிகள் தைக்கப்பட்டுள்ளன. சரிகை கறுத்துவிட்டது. பூந்திக்கொட்டை நீரில் அலசலாமா? லண்டனில் இருக்கும் மகளுக்கு இதைக் கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா? தரகர் ஒருவர், 1938 என்றால் நூறாண்டு ஆகவில்லை, சட்டச் சிக்கல் எதுவும் இல்லை, சரிகையைத் துலக்கித் தொன்மைச் சான்றிதழும் வாங்கித் தருகிறேன் என்கிறார். (சென்னை வாசகி)

பதில்: துணியை நனைக்காதீர்கள். தரகரிடம் ஒருநாள்கூடக் கொடுத்துவைக்காதீர்கள். தொல்லியல் துறையின் எழுத்துப்பூர்வமான சான்று கைக்கு வரும்வரை விமானத்தில் எடுத்துச் செல்லாதீர்கள். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

உங்களிடம் இருப்பது பட்கா. முகலாய, ராஜபுத்திர அரசவைகளில் ஜாமா என்னும் நீண்ட அங்கியின்மேல் இடுப்பில் சுற்றி, வேலைப்பாடு நிறைந்த முனைகள் முன்புறம் தொங்கும்படி கட்டப்பட்டது. கட்டாரியைச் செருகிக்கொள்வதும் இதில்தான். அந்தக் காலத்துச் சரிகை என்பது வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கி, பொன்முலாம் பூசிய நிலையில் பட்டு நூலின்மேல் சுற்றியது. முலாம் மிக மெல்லியது. அதன் நுண்ணிய இடைவெளிகள் வழியாகக் காற்றிலுள்ள கந்தகம் உள்ளே இருக்கும் வெள்ளியைத் தொட்டதால் வந்த கறுப்புதான் நீங்கள் காண்பது. அது அழுக்கு அன்று என்பதால் எந்தச் சோப்பும், எந்தப் பூந்திக்கொட்டையும் அதைப் போக்காது. புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்த்தால் கறுப்போடு முலாமும் போய்விடும். வெள்ளிப் பாத்திரக் கடையில் விற்கும் துலக்கு திரவமோ உள்ளிருக்கும் பட்டு நூலில் ஊறி, அலசினாலும் வெளியேறாமல், பல ஆண்டுகளுக்கு அதை அரித்துக்கொண்டே இருக்கும். வெறும் தண்ணீரும் ஆபத்துதான். மஸ்லினும் பட்டும் ஒரே அளவில் சுருங்குவதில்லை; சிவப்பு, ஊதா நூல்களின் சாயம் வெள்ளைத் துணியில் இறங்கிவிட்டால் எடுக்க வழியே இல்லை; நனைந்த மஸ்லின் சரிகையின் பாரம் தாங்காமல் பூவின் விளிம்பிலேயே கிழியும். கறுப்பு அப்படியே இருக்கட்டும்.

இனி அந்தத் தரகர். பழைய சரிகையை விலைக்கு எடுப்பவர்களில் பலருக்குத் துணி பொருட்டே அன்று. எரித்தால் தேறும் வெள்ளியின் எடைதான் அவர்களுடைய கணக்கு. நம் ஊரில் எத்தனையோ பழைய பட்டுப்புடவைகள் இப்படித்தான் அடுப்பில் முடிந்தன. சற்று விவரம் தெரிந்த தரகரோ எரிக்கமாட்டார்; ‘துலக்கித் தருகிறேன்’ என்று வாங்கிப்போய், ஒரு முனையிலிருந்து இரண்டு பூச்செடிகளை வெட்டிக்கொண்டு, ஓரத்தை மடித்துத் தைத்துத் திருப்பித் தருவார். சட்டமிட்ட பழைய பூவேலைத் துண்டுக்கு வாங்குபவர்கள் இருக்கிறார்கள். ‘அசல் சரிகையா என்று பார்க்கிறேன்’ என்று உங்கள் கண்ணெதிரே ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டுவதையும் அனுமதிக்காதீர்கள். தங்க நகைக் கடையில் தரம் பார்க்கும் எக்ஸ்ரே கருவி எதையும் வெட்டாமலேயே உலோகத்தைச் சொல்லிவிடும். ஆனால் அது வயதைச் சொல்லாது. வடிவமும் வயதைச் சொல்லாது. 1620இல் காஷ்மீரத்தில் தாம் கண்ட மலர்களை ஜஹாங்கீர் தம் ஓவியர் மன்சூரைக் கொண்டு வரைவித்தார். தனித்தனியாக நிற்கும் பூச்செடி அதன்பின் முகலாயக் கலையெங்கும் பரவி, பிற்காலத் தையல்காரர்களும் அலுக்காமல் தைத்துக்கொண்டே இருந்த வடிவம் ஆயிற்று. ஆகவே, பூவை வைத்து ‘ஷாஜஹான் காலம்’ என்று ஒருவர் விலை சொன்னால் வாசலிலேயே அனுப்பிவிடலாம்.

தரகர் சொன்ன நூறாண்டுக் கணக்குதான் எல்லாவற்றிலும் மோசமான பொறி. 1972ஆம் ஆண்டின் தொன்மைப் பொருள்கள், கலைச் செல்வங்கள் சட்டம், நூறாண்டுக்குக் குறையாமல் இருந்துவரும் கைவினைப் பொருளைத் தொன்மைப் பொருள் என்கிறது. தனியார் எவரும் அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்ல முடியாது. அந்த நூறாண்டு, பொருள் செய்யப்பட்ட நாளிலிருந்து எண்ணப்படுவது. உங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அன்று. 1938இல் தர்பாரில் வழங்கப்பட்ட கச்சை அந்த ஆண்டிலேயே தைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. அரசக் கருவூலத்தில் இரண்டு தலைமுறை மடித்துக் கிடந்த துணியை எடுத்து மரியாதை செய்வது சமஸ்தானங்களில் சகஜம். தவறாக எடுத்துச் சென்றால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. அது தரகருக்கு வராது, பெட்டி யார் கையில் இருக்கிறதோ அவருக்கு வரும். ‘புதிய கைத்தொழில் பொருள்’ என்று எழுதிப் பார்சலில் அனுப்பச் சொல்வார்கள். அதற்கும் இதே கதிதான்.

இதில் ஒரு சிக்கலை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பட்காக்களில் அது அடிக்கடி வருகிறது. நடுத்துணி நைந்துபோனால், பழைய முனைகளை வெட்டியெடுத்துப் புதிய மஸ்லினில் ஒட்டுத் தைக்கும் வழக்கம் உண்டு. அப்படியானால் உங்கள் கச்சையின் வயது எது? துணி நூறு வயதுக்குக் குறைவாக இருந்தாலும், பூவேலை நூற்றைம்பது வயதாக இருந்தால் பூவேலைதான் கணக்கு. கைவினை அதில்தான் இருக்கிறது. இதன் தலைகீழும் உண்டு: பழைய வெற்று மஸ்லினை வாங்கி அதன்மேல் புதிதாகச் சரிகை தைத்துப் பழையது என்று விற்பது. துணியின் நெசவைக் காட்டி வயது சொல்பவர் உங்களை இங்கேதான் ஏமாற்றுவார். கச்சையைத் திருப்பி, உருப்பெருக்கியால் பின்புறத்தைப் பாருங்கள். முனையும் நடுப்பகுதியும் சேருமிடத்தில் தையல்கோடு ஓடுகிறதா, அது இயந்திரத் தையலா என்று கவனியுங்கள். பூவின் ஓரத்தில் இப்போதைய நூல் போகாத பழைய ஊசித் துளைகள் தெரிந்தால் அது இடம் மாறி வந்த பூ. உடைந்த இடத்தில் சரிகையின் உள்ளே மஞ்சள் பட்டு தெரிகிறதா, கண்ணாடிபோல் மின்னும் செயற்கை இழை தெரிகிறதா என்பதும் முக்கியம். இவற்றைக் குறித்து, முன்புறம், பின்புறம், சேர்மானம் மூன்றையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படங்களோடு, புனித ஜார்ஜ் கோட்டையிலுள்ள இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். துறையின் நிபுணர் குழு பொருளைப் பார்த்து, ‘இது தொன்மைப் பொருள் அன்று’ என்று சான்று தரும் அல்லது மறுக்கும். இப்படிப்பட்ட கச்சைக்குத் துறை தருவது அந்த ‘தொன்மைப் பொருள் அன்று’ என்னும் சான்றுதான். ஆகவே தரகர் வாங்கித் தருவதாகச் சொல்லும் ‘தொன்மைச் சான்றிதழ்’ வெறும் முத்திரைக் காகிதம். நான் ஒளிப்பானேன், இந்த ஏற்பாடு எனக்குச் சலிப்பூட்டுகிறது. கோயில் சிலையைக் கடத்துபவனைப் பிடிக்க எழுதிய சட்டம், மகளுக்குக் கொள்ளுப்பாட்டனாரின் கச்சையைக் கொடுக்க நினைக்கும் குடும்பத்தையும் அதே தராசில் நிறுத்துகிறது. கல்லையும் செம்பையும் பார்த்தே பழகிய மேசைக்கு முன்னால் மஸ்லினை விரித்து வைத்துக்கொண்டு, ‘இது என்ன, துண்டா?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். ஆனாலும் வேறு வழி இல்லை. பொறுமையோடு போங்கள், விண்ணப்பத்தின் நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். இங்கேயே விற்பதாக முடிவெடுத்தால், வாங்குபவர் வியாபாரியாக இருக்கும் பட்சத்தில் தொன்மைப் பொருள் விற்பனைக்கான உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். முக்கால்வாசிப் பேர் அந்த இடத்திலேயே எழுந்து போய்விடுவார்கள்.

அதுவரை கச்சையை மடித்து வைக்க வேண்டாம். மடிப்பு விழும் கோட்டில்தான் சரிகை முறிகிறது. கையளவு விட்டமுள்ள அட்டைக் குழாயின்மேல், கஞ்சி போடாமல் துவைத்துக் காயவைத்த வெள்ளை மல் துணியைச் சுற்றி, அதன்மேல் பூவேலை வெளிப்பக்கம் இருக்கும்படி கச்சையைத் தளர்வாகச் சுருட்டுங்கள். மேலே இன்னொரு மல் துணி போர்த்தி, நாடாவால் கட்டுங்கள். ரப்பர் வளையம் கூடாது, கம்பளியும் கூடாது. இரண்டிலும் கந்தகம் உண்டு, கறுப்பு இன்னும் ஏறும். பாச்சை உருண்டை வைத்தே தீருவேன் என்றால் துணியில் படாமல் அலமாரியின் மூலையில் வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை நிழலில் விரித்து, பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி சுருட்டுங்கள். மகளுக்கு இப்போதைக்குப் படங்களை அனுப்புங்கள்.