முகம் தெரியாதவருக்கு விற்ற கிரிப்டோவும் முடங்கிய நெல் பணமும்

கேள்வி: பாபநாசம் வட்டத்தில் மூன்று ஏக்கர் நிலமும் ஒரு சிறிய உரக்கடையும் எனக்கு உண்டு. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மைத்துனர் சொல்லிக்கொடுத்தபடி, கிரிப்டோ வாங்கி விற்கும் ஓர் இந்தியத் தளத்தில் (எக்ஸ்சேஞ்சில்), டாலர் மதிப்பை ஒட்டிய கிரிப்டோ நாணயமான யுஎஸ்டிடியை இரண்டு ஆண்டுகளாகச் சிறுகச் சிறுக 2,000 வரை வாங்கிச் சேர்த்தேன். அடக்கம் ரூ.1,68,000. சம்பா நடவுச் செலவுக்காக விற்க நினைத்தபோது, டெலிகிராமில் அறிமுகமான ஒருவர் அன்றைய விலையைவிட நான்கு ரூபாய் கூட்டி, ஒன்றுக்கு ரூ.92 தருவதாகச் சொன்னார். ரூ.1,84,000 கணக்கில் ஏறியதும் யுஎஸ்டிடியை அனுப்பிவிட்டேன். பணம் வந்தது வேறொரு பெண்ணின் பெயரிலிருந்து. அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டாம் நாள் கணக்கு முழுவதும் முடங்கியது. வெளிமாநிலத்தில் சைபர் குற்றப் புகார் என்று மட்டும் வங்கியில் சொல்கிறார்கள். அது அம்மாவும் நானும் சேர்ந்து வைத்திருக்கும் கணக்கு. கொள்முதல் நிலையத்தில் போட்ட குறுவை நெல்லுக்கான ரூ.1,42,000 அதில்தான் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீசும் வந்திருக்கிறது. "கிரிப்டோவில் யார் எவர் என்று கண்டுபிடிக்கவே முடியாது, ஆப்பை அழித்துவிட்டு எதுவும் தெரியாது என்று சொல்லிவிடு" என்கிறார் மைத்துனர். கிரிப்டோ வைத்திருந்ததே குற்றமா? என்னைக் கைது செய்வார்களா? அம்மாவின் பணத்தை எப்படி மீட்பது?

பதில்: நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் முன்னால், கேட்காமல் விட்ட ஒன்றுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த ஆப்பை அழிக்காதீர்கள். டெலிகிராம் உரையாடலையும் அழிக்காதீர்கள். கைப்பேசியை மாற்றுவதாக இருந்தால்கூட, அனைத்தையும் பிரதி எடுத்து வைத்த பிறகே மாற்றுங்கள். விசாரணையில் சான்றாகக் கேட்கப்படக்கூடிய மின்னணுப் பதிவை, அது கிடைக்கக் கூடாது என்ற எண்ணத்தோடு அழிப்பது, குற்றங்களையும் தண்டனைகளையும் சொல்லும் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 241-ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். இன்று உங்கள் மீது உறுதியான குற்றம் எதுவும் இல்லாத நிலையில், மைத்துனரின் யோசனையைக் கேட்டால் நீங்களே ஒன்றை உண்டாக்கிக்கொள்வீர்கள். அதைவிட முக்கியமானது, நீங்கள் அழிக்கப் போவது உங்களைக் காப்பாற்றக்கூடிய சாட்சியத்தை என்பதுதான்.

கிரிப்டோவில் ஆளைக் கண்டுபிடிக்கவே முடியாது என்பது பாதி உண்மைகூட இல்லை. களத்து மேட்டில் பல பேருடைய மூட்டைகள் ஒன்றாகக் கிடக்கும்போது, ஒவ்வொருவரும் சாக்கில் ஒரு குறி போட்டு வைப்பார்கள். வெளியூரிலிருந்து வருகிறவருக்கு அந்தக் குறி யாருடையது என்று தெரியாது; ஆனால் ஒரே ஒரு மூட்டையின் சொந்தக்காரர் யாரென்று தெரிந்துவிட்டால், அந்தக் குறியுள்ள அத்தனை மூட்டையும் யாருடையவை என்று தெரிந்துவிடும். 2009 ஜனவரியில் பிட்காயின் தொடங்கிய நாளிலிருந்தே அதன் பேரேடு இப்படித்தான் இருக்கிறது: பெயர் இல்லை, ஆனால் ஒவ்வொரு பரிமாற்றமும் உலகில் எவரும் படிக்கும்படி, அழிக்க முடியாதபடி எழுதப்பட்டிருக்கிறது. 2016-இல் பிட்ஃபினெக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து திருடப்பட்ட ஏறத்தாழ 1,20,000 பிட்காயின்களில் 94,000-க்கும் மேற்பட்டவற்றை அமெரிக்க அரசு 2022-இல் கைப்பற்றியது. ஆறு ஆண்டுகள் கழித்தும் வழிகாட்டியது அந்தப் பேரேடுதான். மொனேரோ போன்ற சில நாணயங்களும், பல பேருடைய நாணயத்தைக் கலக்கித் தரும் மிக்சர் சேவைகளும் இந்தத் தடத்தை மறைக்கவே உருவாக்கப்பட்டவை என்பது உண்மைதான். உங்களிடம் இருந்தது அதுவல்ல. யுஎஸ்டிடியின் ஒவ்வொரு நகர்வும் வெளிப்படையாகப் பதிவாகிறது. அதை வெளியிடும் டெதர் நிறுவனம் சந்தேகத்துக்குரிய முகவரியில் இருப்பதை முடக்கவும் முடியும். நீங்கள் எந்த முகவரிக்கு, எந்த நிமிடத்தில், எவ்வளவு அனுப்பினீர்கள் என்பதைக் காட்டும் பரிமாற்ற எண் உங்கள் வாலட்டில், அதாவது கிரிப்டோவை வைத்து அனுப்பும் செயலியில், இருக்கிறது. பணம் பெற்றுக்கொண்டு பதிலுக்கு ஒரு பொருளைக் கொடுத்தீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல ரசீது கிடையாது.

உங்களுக்கு நேர்ந்தது என்ன என்பதை, கடிதத்தில் உள்ளதைக் கொண்டு நான் ஊகிக்கிறேன். எங்கோ ஒரு மாநிலத்தில் ஒரு பெண்மணியை யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள். அது "டிஜிட்டல் கைது" என்ற மிரட்டலாகவோ, பங்குச் சந்தையில் லாபம் என்ற ஆசை காட்டலாகவோ இருக்கலாம். பணத்தைத் தன் கணக்கில் வாங்கினால் பிடிபடுவோம் என்பதால், ஏமாற்றியவர் உங்கள் கணக்கு எண்ணை அந்தப் பெண்மணியிடம் கொடுத்திருப்பார். அவருடைய பணம் நேராக உங்களிடம் வந்தது, உங்கள் யுஎஸ்டிடி நேராக மோசடிக்காரரிடம் போனது. அந்தப் பெண்மணி சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைத்துப் புகார் செய்ததும், பணம் போன முதல் கணக்கு உங்களுடையதாகத் தெரிந்திருக்கிறது. இந்த மூவரில் பெயர், முகவரி, ஆதார், பான் எல்லாவற்றோடும் வெளிச்சத்தில் நிற்பவர்கள் நீங்களும் பணத்தை இழந்தவரும் மட்டும்தான். பெயர் மறைப்பை முன்வைத்து உலகம் முழுக்க நடக்கும் விவாதத்தில், அது தனிமனித அந்தரங்கத்தின் காவல் என்று ஒரு தரப்பும், குற்றவாளியின் மறைவிடம் என்று மறு தரப்பும் சொல்கின்றன. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னதை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். தன் சேமிப்பை ஊரறியச் செய்யாமல் வைத்துக்கொள்ள ஒருவருக்கு எல்லா நியாயமும் உண்டு. ஆனால் உங்களிடம் பொருள் வாங்குகிறவர் யார் என்று உங்களுக்கே தெரியாமல் இருப்பது உங்கள் அந்தரங்கம் ஆகாது. அது அவருக்கு நீங்கள் கொடுத்த மறைவிடம்.

முதல் கேள்விக்கு வருகிறேன். கிரிப்டோ வைத்திருப்பது இந்தியாவில் குற்றம் அல்ல. அது சட்டப்படி செல்லும் பணமும் அல்ல. வங்கிகள் இந்தத் தொழிலுக்குச் சேவை அளிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் விட்ட சுற்றறிக்கையை, 2020 மார்ச் 4-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பை எழுதிய நீதியரசர் வி. ராமசுப்பிரமணியன் மன்னார்குடியில் பிறந்தவர் என்பதை நம் பகுதி வாசகர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். 2022-இல் இதற்கு வரி வந்தது. 2023 மார்ச்சில் எக்ஸ்சேஞ்சுகள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், கிரிப்டோ ஒருவர் உடைமையாக வைத்து அனுபவிக்கக்கூடிய சொத்துதான் என்று கூறியது. ஆகவே நீங்கள் விற்றது உங்கள் சொத்தை.

விற்ற முறையில்தான் சிக்கல் இருக்கிறது. அதைப் பூசி மெழுகிச் சொன்னால் நான் உங்களுக்குத் துரோகம் செய்தவனாவேன். திருட்டுச் சொத்தைப் பெறுவது பற்றிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவு, அது அப்படிப்பட்டது என்று அறிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ பெற்றவரைத்தான் தண்டிக்கிறது. நீங்கள் அறிந்திருக்கவில்லை என்பதை நான் நம்புகிறேன். "நம்பக் காரணம் இருந்ததா" என்று கேட்கும் விசாரணை அதிகாரி மூன்று விஷயங்களைச் சுட்டிக்காட்டுவார்: சந்தை விலைக்கு மேல் நான்கு ரூபாய் ஏன் கொடுத்தார், பேசியவர் ஒருவராகவும் பணம் அனுப்பியவர் இன்னொருவராகவும் இருந்ததை ஏன் கேட்கவில்லை, எக்ஸ்சேஞ்சில் வாங்கியதை எக்ஸ்சேஞ்சிலேயே விற்காமல் டெலிகிராமுக்கு ஏன் போனீர்கள். இவற்றுக்கு உண்மையான பதிலை இப்போதே, நினைவு மங்குவதற்குள், தேதிவாரியாக எழுதி வையுங்கள். கூடுதல் விலைக்கு ஆசைப்பட்டீர்கள் என்றால் அப்படியே எழுதுங்கள். நான்கு ரூபாய்க்கு ஆசைப்பட்டது கவனக்குறைவு. அதை மறைக்கப் பொய் சொன்னால்தான் உங்களுக்கு உள்நோக்கம் இருந்ததோ என்று நினைக்க இடமாகும்.

கைது குறித்து இரண்டு செய்திகள். காவல் துறை நோட்டீசை வாட்ஸ்அப்பில் அனுப்புவது அதைச் சட்டப்படி சேர்ப்பித்ததாக ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. அதற்காக அதைப் புறக்கணிக்காதீர்கள். அந்தச் செய்தி போலியாகவும் இருக்கலாம் என்பதால், அதிலுள்ள எண்ணுக்குப் பேசாமல், அந்த மாநிலக் காவல் துறையின் அதிகாரபூர்வ இணையதளத்தில் உள்ள எண்ணில் விசாரித்து, உண்மை என்று தெரிந்தால் பதிவுத் தபாலில் விரிவான பதில் அனுப்புங்கள். குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவின் கீழ் முறையான நோட்டீஸ் வந்து, நீங்கள் அதற்கு இணங்கி ஒத்துழைத்தால், காரணங்களை எழுத்தில் பதிவு செய்யாமல் உங்களைக் கைது செய்ய இயலாது. அப்படியும் அச்சம் இருந்தால், வழக்கு வேறு மாநிலத்தில் பதிவாகியிருந்தாலும், அங்குள்ள நீதிமன்றத்தை அணுகும் வரைக்குமான குறுகிய கால முன்ஜாமீனை இங்குள்ள அமர்வு நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோ வழங்கலாம் என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. முடக்கத்தை நீக்கித் தருகிறேன், இவ்வளவு கொடு என்று எவராவது தொலைபேசியில் கேட்டால், அவர் எந்தச் சீருடையில் தோன்றினாலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இனி அம்மாவின் பணம். இந்தக் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது இதுதான். குறுவை நெல்லைக் காயவைத்துத் தூற்றி, கொள்முதல் நிலையத்தில் நாள்கணக்கில் காத்துக் கிடந்து பெற்ற பணத்துக்கும் அந்த டெலிகிராம் பேர்வழிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. புகாருக்குரிய தொகை ரூ.1,84,000 என்றால், அதற்கு மேல் ஒரு ரூபாயையும் முடக்கி வைக்கக் காரணமில்லை. முழுக் கணக்கையும் காலவரையின்றி முடக்குவது ஒருவருடைய தொழிலையும் வாழ்வையும் பறிப்பதாகும் என்ற கருத்தில், சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் பிடித்துவைத்துக் கணக்கை இயக்க அனுமதிக்கும்படி கேரள உயர் நீதிமன்றம் 2023-இலும், சென்னை உயர் நீதிமன்றம் 2024-இலும் உத்தரவிட்டுள்ளன.

ஆகவே முதலில் வங்கிக் கிளை மேலாளருக்கு எழுத்து மூலம் ஒரு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரையோடு ஒப்புகை பெறுங்கள். முடக்கச் சொன்ன காவல் நிலையம் எது, புகாரின் ஒப்புகை எண் என்ன, தொகை எவ்வளவு, எந்தத் தேதியில் எந்தப் பிரிவின் கீழ் உத்தரவு வந்தது என்ற விவரங்களையும், அத்தொகைக்கு மட்டும் லியன் வைத்து (எடுக்க முடியாதபடி நிறுத்திவைத்து) மீதியை விடுவிக்க வேண்டும் என்ற கோரிக்கையையும் அதில் எழுதுங்கள். "மேலிடத்து உத்தரவு" என்ற வாய்மொழிப் பதிலோடு திரும்பி வராதீர்கள். விவரம் கிடைத்ததும், விசாரணை அதிகாரிக்கு ஒரு மனுவை, எக்ஸ்சேஞ்சில் வாங்கிய கணக்கறிக்கை, பரிமாற்ற எண், டெலிகிராம் உரையாடல், வங்கி அறிக்கை, நெல் கொள்முதல் ரசீது, சிட்டா, அடங்கல் ஆகியவற்றின் நகல்களோடு அனுப்புங்கள். மின்னணு ஆவணங்களை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் தேவைப்படும். அதை உங்கள் வழக்கறிஞர் தயாரித்துத் தருவார்.

கணக்கை நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின் கீழ் முடக்கியிருந்தால், காவல் துறை அதைக் குற்றவியல் நடுவருக்கு உடனே தெரிவித்திருக்க வேண்டும். தெரிவித்திருந்தால் அந்த நடுவரிடம் அதே சட்டத்தின் 503-ஆம் பிரிவின் கீழ் விடுவிப்பு மனு போடலாம். ஆனால் அதற்கு அந்த மாநிலத்தில் ஒரு வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். நடவுக் காலத்தில் உங்களுக்கு அது எளிதல்ல. நடுவருக்குத் தெரிவிக்காமலும் தொகையைக் குறிப்பிடாமலும் முழுக் கணக்கையும் முடக்கியிருந்தால், அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவதையே நான் பரிந்துரைப்பேன். கணக்கு இங்கே இருப்பதால் வழக்குக்கான காரணத்தின் ஒரு பகுதி இங்கே எழுகிறது என்று வாதிட இடமுண்டு. நீங்கள் தஞ்சாவூர் மாவட்டத்தவர் என்பதால் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். பக்கத்து வலங்கைமான்காரருக்கு இதே சிக்கல் என்றால், திருவாரூர் மாவட்டம் என்பதால் அவர் சென்னைக்குப் போக வேண்டும்.

வரியைப் பற்றிச் சுருக்கமாக: உங்கள் லாபம் ரூ.16,000, அதற்கு 30 சதவீத வரியும் 4 சதவீதக் கூடுதல் தீர்வையும் சேர்த்து ரூ.4,992 ஆகும். ஒரு சதவீதத்தைப் பிடித்தம் செய்து கட்டியிருக்க வேண்டியவர் வாங்கியவர்தான், நீங்கள் அல்ல. இந்த லாபத்தை வருமான வரிக் கணக்கில் காட்டுங்கள்; வேளாண் வருமானத்தோடு கலக்காதீர்கள். காட்டிய கணக்கின் நகல், நீங்கள் மறைத்து வியாபாரம் செய்தவர் அல்ல என்பதற்கு விசாரணையிலும் பயன்படும்.

விற்ற தொகையான ரூ.1,84,000 உடனே கைக்கு வரும் என்று நான் வாக்களிக்க மாட்டேன். அந்தப் பெண்மணியும் ஏமாற்றப்பட்டவர்தான். அத்தொகை அவருக்கா உங்களுக்கா என்பதை நீதிமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும். அதுவரை அது லியனில் இருக்கும் என்று கணக்கிட்டு நடவுக்கு ஏற்பாடு செய்யுங்கள். ரிட் மனுவில் உங்கள் அம்மாவை முதல் மனுதாரராகப் போடுங்கள். நெல் பணம் அவருடையது என்பதோடு, பெண் என்பதால் வருமான வரம்பு எதுவுமின்றி அவருக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி இலவச வழக்கறிஞர் உதவி கிடைக்கும். தஞ்சாவூர் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கொள்முதல் ரசீதோடு நேரில் போய் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். சம்பா நெல் போடுவதற்கு முன்பாக, அவர் பெயரில் மட்டும் ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, கொள்முதல் நிலையப் பதிவில் அந்த எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.