ஓ.டி. பணம் பென்ஷனில் சேருமா? தபால் ஊழியர்களின் கேள்விகளும் பதில்களும்

கோபிச்செட்டிபாளையம் பக்கம் இருந்து எழுதுகிறேன். தபால் கணக்குப் பிரிவில் இருந்தபோது பென்ஷன் பேப்பர் பார்ப்பதுதான் என் வேலை. இந்த வாரம் வந்த கேள்விகள் பெரும்பாலும் ஓவர்டைம் (ஓ.டி.) பற்றியே இருந்ததால் ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன்.

திருப்பூர், தபால்காரர்: தீபாவளிக்கு முன்னாடி பார்சல் குவிந்து, ராத்திரி வரைக்கும் வேலை பார்த்தோமுங்ணா. ஓ.டி. வந்தது. எனக்கு இன்னும் எட்டு மாதம்தான் சர்வீஸ். கடைசி பத்து மாத சராசரியில் அது சேருமுங்களா?

சேராது தம்பி. பென்ஷன் கணக்குக்கு எடுப்பது அடிப்படைச் சம்பளம் மட்டும்தான். 1972 மத்திய அரசு பென்ஷன் விதியிலும் அப்படித்தான், அதற்குப் பதிலாக வந்த 2021 விதியிலும் அப்படித்தான். கடைசியாக வாங்கிய பேசிக், பத்து மாத சராசரி பேசிக், இரண்டில் எது கூடுதலோ அதில் பாதி பென்ஷன். பேசிக் 58,600 என்றால் பென்ஷன் 29,300. பத்து மாதமும் ஓ.டி. பார்த்தாலும், ஒரு மணி நேரம்கூடப் பார்க்காவிட்டாலும் அதே 29,300தான். கிராஜுவிட்டிக்கு மட்டும் பேசிக்கோடு அகவிலைப்படியும் சேரும். ஓ.டி. அங்கேயும் கிடையாது. ஆனால் வருமான வரிக்கு அதுவும் சம்பளம்தான், முழுசாகக் கணக்கில் வரும்.

கோவை, ஆர்.எம்.எஸ். (ரயில் அஞ்சல் பிரிவு): வருடக்கணக்காக மாதம் தவறாமல் ஓ.டி. வாங்குகிறேன். அப்படியென்றால் அதுவும் சம்பளம் மாதிரிதானே?

உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் எத்தனை வருடம் வாங்கினாலும் பென்ஷன் கணக்கில் அது படிதான், சம்பளம் ஆகாது.

எனக்குத் தெரிந்த ஒரு சார்ட்டர் (தபால் பிரிப்பவர்) இருந்தார். பொங்கல் வாழ்த்து அட்டை மூட்டை மூட்டையாக வந்த காலம். மார்கழிக் குளிரில் விடிய விடிய நின்றுகொண்டே பிரித்துப் போடுவார். ஓய்வு பெறும் நேரத்தில் பழைய ஓ.டி. சீட்டுகளையெல்லாம் சணல் கயிற்றில் கட்டி மஞ்சப்பையில் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். நான் விதியைச் சொன்னதும் அவர் முகம் வாடியது இன்னும் மறக்கவில்லை. அப்புறம் சர்வீஸ் புக்கை இரண்டு பேரும் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். 16 வருடப் பதவி உயர்வில் சம்பளம் நிர்ணயித்தபோது ஒரு இன்கிரிமென்ட் விட்டுப்போயிருந்தது. அதைச் சரி செய்ததும் பென்ஷன் ஏறியது. நீங்களும் 10, 20, 30 வருட எம்.ஏ.சி.பி. (பதவி உயர்வு இல்லாதவர்களுக்கான ஊதிய உயர்வு) பதிவுகளை இப்போதே ஒரு முறை பார்த்துவிடுங்கள். பென்ஷனை ஏற்றுவதும் இறக்குவதும் அந்தப் பக்கங்கள்தான்.

ஈரோடு, போஸ்டல் அசிஸ்டென்ட்: நான் 2004க்குப் பிறகு சேர்ந்தவள். என்.பி.எஸ். (புதிய பென்ஷன் திட்டம்) பிடித்தத்தில் ஓ.டி. வருமா அண்ணா?

வராது அம்மிணி. பேசிக், அகவிலைப்படி இரண்டும் சேர்ந்த தொகையில் உங்களிடம் 10 சதவீதம் பிடிப்பார்கள், அரசு 14 சதவீதம் போடும். யு.பி.எஸ்.ஸுக்கு (ஒருங்கிணைந்த பென்ஷன் திட்டம்) மாறியிருந்தால், 25 வருட சர்வீஸுக்குக் கடைசி 12 மாத சராசரி பேசிக்கில் பாதி பென்ஷன். அதிலும் ஓ.டி. இல்லை. ஓ.டி. வருகிற மாதம் அந்தப் பணத்தில் கொஞ்சத்தைத் தனியாக ஆர்.டி.யிலோ பி.பி.எஃப்.பிலோ போட்டு வையுங்கள். அந்தக் கவுன்டரே உங்கள் கையில்தானே இருக்கிறது.

பொள்ளாச்சி: இருந்து வேலை பார்க்கச் சொல்லிவிட்டு, இப்போது ஓ.டி. கிடையாது என்கிறார்கள்.

எழுத்தில் உத்தரவு இருக்கிறதா? ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு, 2018 ஜூனில் வந்த உத்தரவுப்படி, நேரடி இயக்க வேலையில் உள்ள ஆபரேஷனல் ஊழியர்களுக்கும் சட்டப்படி ஓ.டி. உள்ள தொழிற்பிரிவினருக்கும்தான் அது தொடர்கிறது. அதுவும் மேலதிகாரி எழுத்துமூலம் இருக்கச் சொன்னால்தான். விகிதத்தையும் உயர்த்தவில்லை. அது எனக்கு நியாயமாகப் படவில்லை, இத்தனை உழைப்புக்கு அந்தத் தொகை போதாது. வாய்ச் சொல்லை நம்பி இருந்துவிடாதீர்கள், அன்றைக்கே ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

தாராபுரம் பக்கம், ஜி.டி.எஸ். (கிராமிய தபால் ஊழியர்): எங்களுக்கு ஏதாச்சும் உண்டுங்களா?

உங்களுக்கு அந்தப் பென்ஷன் விதியே பொருந்துவதில்லை. நாலு மணி அல்லது அஞ்சு மணி நேர வேலைக்கான டி.ஆர்.சி.ஏ. என்ற படிதான். காட்டுப் பாதையில் பொழுது சாய்ந்த பிறகும் சைக்கிள் மிதிக்கிறவர்களுக்கு இது பெரிய குறை. எஸ்.டி.பி.எஸ். (ஜி.டி.எஸ். ஊழியர்களுக்கான ஓய்வுகாலச் சேமிப்பு) கணக்கில் மாதாமாதம் பணம் ஏறுகிறதா என்று மட்டும் தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோபி: ஜூன் 30 ரிட்டயர்மென்ட். ஜூலை 1 இன்கிரிமென்ட் போச்சுங்களா?

போகவில்லைங்க. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஊழியர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. அதைத் தொடர்ந்து வந்த அரசு உத்தரவுப்படி ஜூன் 30, டிசம்பர் 31 ஓய்வு பெறுகிறவர்களுக்கு, ஒழுங்காக சர்வீஸ் முடித்திருந்தால், அந்த இன்கிரிமென்ட்டைப் பென்ஷன் கணக்குக்கு மட்டும் சேர்க்கிறார்கள். ஊதிய லெவல் 6-இல் 58,600 இருந்தால் 60,400 என்று எடுத்துக்கொண்டு பென்ஷன் 30,200. மாதம் 900 ரூபாய் கூடும், அதன்மேல் அகவிலை நிவாரணமும் உண்டு. கிராஜுவிட்டி, கம்யூட்டேஷன் (பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்குவது) இரண்டும் பழைய பேசிக்கில்தான். பேப்பர் அனுப்பும்போது இதைக் கேட்டு எழுதி இணைத்துவிடுங்கள்.