வைட்ஃபீல்டில் யார் யார் இருக்கிறார்கள்?

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வருகிறது: பாளையங்கோட்டையிலிருந்து பெங்களூரு ஐ.டி.பி.எல். டெக் பார்க் பக்கம் வேலைக்கு வருகிறீர்கள், வைட்ஃபீல்டில் வீடு பார்க்கிறீர்கள். அங்கே தமிழர் எத்தனை சதவீதம், கன்னடக்காரர் எத்தனை, வடக்கத்தியர் எத்தனை, "அது வெள்ளைக்காரன் ஊராமே" என்று யாரோ சொன்னது நிஜமா, தமிழைத் தவிர ஒன்றும் தெரியாத அம்மாவைக் கூட்டி வந்தால் சமாளிப்பாரா. கடைசிக் கேள்விதான் உங்கள் மனதில் இருக்கிற கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்குப் பதில் சொல்ல மற்றதையும் சொல்லியாக வேண்டும்.

சதவீதத்தை நம்பி வீடு பிடிக்காதீர்கள். நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி கேட்பார்கள், மதம் கேட்பார்கள், ஆனால் "நீ எந்த இனம்" என்று யாரும் கேட்பதில்லை. 2011 கணக்குப்படி பெங்களூரில் கன்னடத்தைத் தாய்மொழி என்று சொன்னவர்களே பாதிக்கும் குறைவு; தமிழ் 100-க்கு 15 சொச்சம், தெலுங்கும் உருதும் அதற்குப் பக்கத்தில். அது முழு நகரத்தின் கணக்கு. அதுவும் இந்தப் பக்கம் அடுக்குமாடிகள் இப்படி முளைப்பதற்கு முன்னால் எடுத்தது. இன்றைக்கு வைட்ஃபீல்டுக்கு யாராவது ஒரு எண்ணை அடித்துச் சொன்னால் சும்மா கேட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

வெள்ளைக்காரன் ஊர் என்பதில் பாதி உண்மை. 1882-இல் மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜ உடையார், யுரேஷியன் - ஆங்கிலோ இந்தியன் சங்கத்துக்கு 3,900 ஏக்கர் நிலம் கொடுத்தார். அந்தச் சங்கத்தை நடத்திய டி.எஸ். வைட் என்பவரின் பெயர்தான் ஊர்ப்பெயர். ரயில்வே, தந்தி என்று சர்க்கார் வேலையை நம்பியே இருந்த கலப்பின மக்கள் சொந்தமாக விவசாயம் செய்து காலூன்ற வேண்டும் என்பது திட்டம். ஆக வந்தவர்கள் வெள்ளைக்காரர்கள் இல்லை. வெள்ளைக்காரர்களும் சேர்த்துக்கொள்ளாத, நம்மவர்களும் சேர்த்துக்கொள்ளாத ஜனம். நம் அரசியல் சட்டம்கூட ஆங்கிலோ இந்தியன் என்றால் யார் என்று எழுதி வைத்திருக்கிறது: தந்தை வழியில் ஐரோப்பிய வம்சம் இருக்க வேண்டுமாம். அம்மா வழி கணக்கில் இல்லை! நாடாளுமன்றத்திலும் சட்டசபைகளிலும் அவர்களுக்கு இருந்த நியமன இடமும் 2020-இல் போய்விட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு நிறையப் பேர் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா என்று கிளம்பிவிட்டார்கள். அவர்களின் பழைய குடியிருப்பு இருந்த இன்னர் சர்க்கிள் பக்கம் ஒருநாள் நடந்து பாருங்கள். வட்டமாகப் போகிற தெரு, ஓட்டுக் கூரை போட்ட பங்களா ஒன்றிரண்டு, முன்னால் பெரிய தோட்டம், அதன் தலைக்கு மேலே பக்கத்து அபார்ட்மெண்டின் பால்கனியில் காயும் துணி. மிச்சம் இருப்பது அவ்வளவுதான். நிஜ வெள்ளைக்காரர்களைப் பார்த்த இடம் காடுகோடியில் இருக்கிற சத்ய சாயி பாபா ஆசிரமம். கோடையில் பாபா அங்கே வந்து தங்குகிற காலத்தில் வெளிநாட்டுப் பக்தர்கள் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு இளநீர் குடிப்பார்கள். 2011-இல் அவர் மறைந்த பிறகு அதுவும் குறைந்துவிட்டது.

ஆங்கிலோ இந்தியர்களுக்கு முன்னாலிருந்தே இருக்கிறவர்கள் சுற்றுக் கிராமத்துக்காரர்கள்: ஹூடி, நல்லூரஹள்ளி, இம்மடிஹள்ளி, வர்த்தூர். இதை வெளியூர்க்காரர்கள் பலர் கவனிப்பதில்லை. பெங்களூரின் கிழக்கு ஓரம் கோலார் பக்கத்துச் சாயல் கொண்டது. கன்னடமும் தெலுங்கும் கலந்துதான் புழங்கும். உங்கள் வீட்டு ஓனர் ரெட்டியாக இருந்து, வீட்டுக்குள் தெலுங்கும் தெருவில் கன்னடமும் உங்களிடம் தமிழும் பேசினால் ஆச்சரியப்படாதீர்கள். நிலம் இவர்களுடையது, அல்லது இவர்களுடையதாக இருந்தது. சிலர் விற்று மாடி மேல் மாடி கட்டினார்கள், சிலர் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு இப்போது அதே இடத்தில் வாட்ச்மேனாக நிற்கிறார்கள்.

சரி, தமிழர்கள். இரண்டு கூட்டம் இருக்கிறது, இரண்டும் ஒன்றோடொன்று அதிகம் பேசிக்கொள்வதில்லை. ஒன்று உங்களைப் போல, என்னைப் போல கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து அபார்ட்மெண்டில் இருக்கிற கூட்டம். இன்னொன்று நமக்கு முன்னாலேயே இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தது. காலையில் வைட்ஃபீல்ட் ஸ்டேஷனில் மாரிகுப்பத்திலிருந்து வரும் ரயில் நிற்கும்போது போய் நில்லுங்கள். டிபன் பாக்ஸும் ஐடி கார்டுமாக இறங்குகிற கூட்டத்தில் பாதிப் பேர் தமிழ்தான் பேசுவார்கள், வட ஆற்காட்டு வாசனையோடு. கோலார் தங்கவயல்காரர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் சுரங்கம் தோண்ட வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து கூட்டிவரப்பட்டவர்களின் பேரன் பேத்திகள், பெரும்பாலும் தலித் குடும்பங்கள். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். ஊரே வேலையில்லாமல் நின்றது, அன்றிலிருந்து ரயிலேறிப் பெங்களூருக்கு வந்து வேலை பார்த்துவிட்டு ராத்திரி திரும்புகிறார்கள். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், பில்லிங் கவுண்டர், நர்ஸ், சாஃப்ட்வேர் இன்ஜினியர் எல்லாம் அந்த ரயிலில் உண்டு. நம் அபார்ட்மெண்ட் தமிழர்கள் "இங்கே தமிழ் ஆளே இல்லை" என்று புலம்பும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும், ஏனென்றால் லிஃப்டில் அவர்களோடு நின்றுகொண்டிருக்கும் ஹவுஸ்கீப்பிங் அக்கா அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் நிற்பார்.

அபார்ட்மெண்டுக்குள் வேறு உலகம். தெலுங்கு, இந்தி, வங்காளம், ஒடியா, மலையாளம், எல்லாருக்கும் பொதுவாக ஆங்கிலமும் இந்தியும். பில்டிங் கட்டுகிறவர்கள், டெலிவரி பையன்கள், வாட்ச்மேன்கள் என்று பீகார், ஒடிசா, அசாம், மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் ஏராளம். பலர் தகரக் கொட்டகையில் குடும்பத்தோடு இருக்கிறார்கள், எந்தச் சங்கத்தின் பொங்கல் பட்டியலிலும் அவர்கள் பெயர் வராது. இந்தக் கும்பலில் கன்னடம் காணாமல் போவது கன்னடக்காரர்களுக்கு உறுத்துகிறது, உறுத்தத்தான் செய்யும். நம் ஊரில் யாராவது வந்து தமிழே தெரியாமல் இருபது வருஷம் இருந்தால் நாம் சும்மா இருப்போமா? கடைப் பலகையில் 60 சதவீதம் கன்னடம் வேண்டும் என்று 2024-இல் சட்டமே திருத்தினார்கள், அதற்கு முந்தைய டிசம்பரில் போராட்டமும் நடந்தது. இப்போதைய கோபம் இந்தி பக்கம் திரும்பியிருக்கிறது. ஒரு காலத்தில் அது நம் பக்கம் இருந்தது. 1991 காவிரிக் கலவரத்தைப் பழைய ஆட்கள் இன்னும் மறக்கவில்லை, 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்ததை நீங்களே டிவியில் பார்த்திருப்பீர்கள். அல்சூரில் திருவள்ளுவர் சிலை 18 வருஷம் மூடிக் கிடந்து 2009-இல்தான் திறந்தது. இதையெல்லாம் பயமுறுத்தச் சொல்லவில்லை. அன்றாடத்தில் எனக்குத் தமிழர் என்பதால் ஒரு தொல்லையும் வந்ததில்லை. ஆனால் காவிரித் தீர்ப்பு, பந்த் என்று வந்தால் டி.என். நம்பர் வண்டியை அன்றைக்கு வெளியே எடுக்காதீர்கள், அது புத்திசாலித்தனம்.

கன்னடம் கற்றுக்கொள்ளுங்கள், இந்திக்கு முன்னால். தமிழனுக்கு அது ஒன்றும் பெரிய மலை இல்லை. "எஷ்டு" (எவ்வளவு), "பேடா" (வேண்டாம்), "பன்னி" (வாங்க), "சொல்ப நில்சி" (கொஞ்சம் நிறுத்துங்க) என்று ஆரம்பித்தால் போதும். காடுகோடி சந்தைப் பக்கம் காய்கறிக்காரம்மாவிடம் நீங்கள் தட்டுத் தடுமாறி எஷ்டு என்று கேட்டால், "நாப்பது ரூபா, தம்பி, கத்திரிக்கா இன்னிக்கு நல்லா இருக்கு" என்று தமிழில் பதில் வரும். முதலிலேயே தமிழில் கேட்டாலும் இதே பதில்தான் வந்திருக்கும், ஆனால் கன்னடத்தில் தொடங்கியவனுக்கு ஒரு கைப்பிடி கறிவேப்பிலை கூடுதலாக விழும்.

இப்போது அம்மா. பெரிய கேட்டட் கம்யூனிட்டியில் பதினான்காவது மாடியில் வைத்தால் அவருக்கு அது ஜெயில். பக்கத்து வீட்டுக்காரருக்கு இந்தி, கீழே வாட்ச்மேனுக்கு அசாமி, நீங்கள் ராத்திரி எட்டு மணிக்கு வருவீர்கள். அதற்குப் பதில் காடுகோடி, ஹூடி பக்கம் தெருவில் இறங்கினால் கடையும் கோயிலும் வருகிற மாதிரி தனி வீட்டின் மாடிப் போர்ஷன் பாருங்கள். கன்னட, தெலுங்கு வீட்டுப் பெண்கள் பலருக்குத் தமிழ் புரியும், சீரியல் பார்த்தே கற்றுக்கொண்டவர்களும் உண்டு. சங்கராந்திக்கு அவர்கள் எள், வெல்லம், வேர்க்கடலை, கொப்பரை, பொட்டுக்கடலை கலந்த எள்ளு பெல்லா கொண்டுவருவார்கள், அம்மா ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துவிட்டால் அப்புறம் உங்களைவிட அவருக்குத்தான் தெருவில் செல்வாக்கு. மெட்ரோ 2023-லிருந்து வைட்ஃபீல்ட் காடுகோடி ஸ்டேஷன் வரை இருப்பதால், அல்சூர் போய் சோமேஸ்வரரைப் பார்த்துவிட்டு வருவதும் சுலபம்.

வீடு பார்க்கும்போது சைவமா அசைவமா என்று கேட்பார்கள், சில இடத்தில் சுற்றி வளைத்துச் சாதியும் கேட்பார்கள். அப்படிக் கேட்கிற ஓனரிடம் நான் அடுத்த வார்த்தை பேசுவதில்லை, உங்கள் இஷ்டம். முன்பு பத்து மாத வாடகை அட்வான்ஸாக வாங்குவார்கள், இன்னும் ஐந்தாறு மாதம் கேட்பவர்கள் இருக்கிறார்கள், பேசிக் குறையுங்கள். பெயிண்டிங் காசு என்று கடைசியில் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை அக்ரிமெண்டிலேயே எழுதி வாங்குங்கள். தண்ணீர் காவேரி லைனா, போர்வெல்லா, டேங்கரா என்று வீட்டு ஓனரிடம் கேட்காமல் கீழ்வீட்டுக் குடித்தனக்காரரிடம் கேளுங்கள். 2024 கோடையில் இந்தப் பக்கம் டேங்கருக்கு வரிசை கட்டி நின்ற வீடுகள் எவை என்று அவர்தான் சரியாகச் சொல்வார்.