யாருக்காக உடுத்துகிறோம்?
வீட்டிலிருந்தே வேலை, கேமராவும் ஆன் செய்வதில்லை, ஆனாலும் தினமும் நன்றாக உடுத்திக்கொண்டுதான் உட்காருகிறேன், "யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று அக்கா கேலி செய்வதால் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது என்கிறீர்கள். சரி, அக்காவின் கேள்வியே கொஞ்சம் கோணல். தனக்காகவா, பிறருக்காகவா என்று அப்படி இரண்டாகப் பிரித்துவிட முடியாது. கண்ணாடி முன் நிற்கும்போதே நம்மை நாம் பாதி இன்னொருவர் கண்ணால்தான் பார்க்கிறோம். அதில் பொய் எதுவும் இல்லை.

அந்தப் பிறர் பார்வையையும் நாம் மிகையாகவே நினைத்துக்கொள்கிறோம். 2000-இல் வெளியான கார்னெல் பல்கலைக்கழக ஆய்வில், கூச்சம் தரும் படம் போட்ட டீ-ஷர்ட்டோடு மாணவர்களை ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்ததோ கால்வாசிப் பேர்தான். (படித்தபோது எனக்குப் பெரிய நிம்மதி!)

ஒரு வாரம் இதைக் கவனியுங்கள். வேலை முடிந்ததும் உடையைக் கழற்றி எறியத் தோன்றினால், அது கடமைக்கு உடுத்தியது. உடுத்தியதே மறந்து இரவு வரை அதிலேயே இருந்தால், அக்கா கேலி செய்துவிட்டுப் போகட்டும்.