இரண்டு நாள் தாமதத்துக்கு லேட் ஃபீ: கார்டு நிறுவனத்திடம் எதைத் திரும்பக் கேட்கலாம்?

கேள்வி: தனியார் வங்கி ஒன்றின் கிரெடிட் கார்டு வைத்திருக்கிறேன். கடந்த மே மாத பில் ரூ.38,640. கடைசித் தேதி 10. நான் 12-ஆம் தேதி முழுத் தொகையையும் கட்டினேன். ஆனாலும் அடுத்த பில்லில் லேட் ஃபீ ரூ.1,100, அதற்கு ஜி.எஸ்.டி ரூ.198 என்று போட்டிருக்கிறார்கள். அதற்கு முந்தைய ஆகஸ்டில் பில் ரூ.10,400, மினிமம் டியூ (குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை) ரூ.520. கடைசித் தேதிக்கு முதல் நாள் ரூ.500 கட்டினேன், மீதியை 11 நாள் கழித்துக் கட்டினேன். அதற்கு ரூ.950 லேட் ஃபீ. இவை போக, இந்த மூன்று ஆண்டுகளில் இன்னும் நான்கு முறை, பத்துப் பதினைந்து நாள் தாமதத்துக்காகப் பிடித்திருக்கிறார்கள். வட்டி தனி. இது பகல் கொள்ளை இல்லையா? எல்லாவற்றையும் திரும்ப வாங்க வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா? — ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: வக்கீல் நோட்டீஸ் இப்போதைக்கு வேண்டாம். அதற்கு ஆகும் செலவு நீங்கள் கேட்கப்போகும் தொகையைவிட அதிகம். மேலும், ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் (வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) புகாரை நீங்களே கொடுக்க வேண்டும், அல்லது நீங்கள் அதிகாரம் கொடுத்த ஒருவர் கொடுக்கலாம். அந்த ஒருவர் வழக்கறிஞராக இருக்கக் கூடாது என்று ஒம்புட்ஸ்மேன் திட்டம் சொல்கிறது. எங்கள் தொழிலுக்கு நஷ்டம்தான், உங்களுக்கு லாபம்.

ஆறு கட்டணங்களில் இரண்டில்தான் உங்கள் பக்கம் வலு இருக்கிறது. முதலில் மே மாதத்தைப் பார்ப்போம்.

கிரெடிட் கார்டுகளுக்கான விரிவான நெறிமுறைகளை ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 21 அன்று வெளியிட்டது. அதன்படி, கணக்கு கடைசித் தேதியைத் தாண்டி மூன்று நாளுக்கு மேல் நிலுவையில் இருந்தால்தான் லேட் ஃபீ போடலாம். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தாமதம் என்று தெரிவிப்பதற்கும் இதே மூன்று நாள் விதிதான். நாள்களைப் பில்லில் அச்சிட்ட கடைசித் தேதியிலிருந்து எண்ண வேண்டும். உங்கள் கடைசித் தேதி 10, நீங்கள் கட்டியது 12. பணம் 13-ஆம் தேதி வரவாகியிருந்தாலும் மூன்று நாளைத் தாண்டவில்லை. ஆகவே ரூ.1,298 முழுவதும் திரும்ப வர வேண்டிய பணம். இதைச் சலுகையாகக் கேட்காதீர்கள், தவறாகப் பிடித்ததைத் திருப்பிக் கொடு என்றே கேளுங்கள்.

இங்கே வங்கி வழக்கமாகச் சொல்லும் ஒரு பதில் உண்டு: “பணம் எங்களுக்கு 14-ஆம் தேதிதான் வந்தது.” வேறொரு செயலி வழியாக பில் கட்டும்போது, செயலி ‘செலுத்தியாச்சு’ என்று காட்டும் நாளும் கார்டு கணக்கில் வரவாகும் நாளும் வேறுபடலாம். அதனால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. உங்கள் சேமிப்புக் கணக்கின் ஸ்டேட்மென்டில் அந்தப் பற்று வரி, யு.பி.ஐ ரெஃபரன்ஸ் எண் அல்லது யு.டி.ஆர் எண் (வங்கிப் பரிமாற்றத்தின் அடையாள எண்), கார்டு ஸ்டேட்மென்டில் வரவு விழுந்த வரி ஆகிய மூன்றையும் எடுத்து வையுங்கள்.

ஆகஸ்ட் விஷயம் கொஞ்சம் நுணுக்கம். மினிமம் டியூவுக்கு இருபது ரூபாய் குறைவாகக் கட்டியிருக்கிறீர்கள். 520 கேட்கும்போது ரவுண்டாக 500 போடுவது நிறையப் பேர் செய்வது. சிஸ்டத்தின் கணக்கில் அது மினிமம் கட்டாததுதான். மீதி வந்தது பத்து நாள் தாமதமாக. எனவே லேட் ஃபீ போட்டதே தவறு என்று வாதாட முடியாது. ஆனால் எந்தத் தொகையின் மேல் போட்டார்கள் என்று கேட்கலாம். கடைசித் தேதிக்குப் பிறகு நிலுவையில் உள்ள தொகையின் மேல்தான் கட்டணம், மொத்த பில் தொகையின் மேல் அல்ல என்று அதே நெறிமுறை சொல்கிறது. உங்கள் நிலுவை ரூ.9,900. கார்டுடன் தந்த கட்டணப் பட்டியலைப் பாருங்கள். பத்தாயிரம் வரை ரூ.750, அதற்கு மேல் 25,000 வரை ரூ.950 என்று இருந்தால், 10,400-ஐ வைத்துத் தவறான படியில் பிடித்திருக்கிறார்கள். 200 ரூபாயும் அதன் ஜி.எஸ்.டி 36 ரூபாயும் அதிகம். அந்த மாதம் நடைமுறையில் இருந்த பட்டியலைத் தேடி எடுங்கள். கட்டணத்தை உயர்த்துவதானால் ஒரு மாதம் முன்பே அறிவித்திருக்க வேண்டும், இனிமேல் வரும் பில்லுக்குத்தான் அது பொருந்தும்.

மற்ற நான்கும் பத்து நாளுக்கு மேல் தாமதம். அவற்றிலும் படியைச் சரிபாருங்கள். சரியாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஆறையும் ஒரே புகாரில் ‘கொள்ளை’ என்று எழுதினால், வலுவான இரண்டும் சேர்ந்து அடிபடும்.

வட்டி விஷயத்தில் ஏமாற்றமான பதில்தான். மூன்று நாள் அவகாசம் லேட் ஃபீக்கும் சிபில் பதிவுக்கும் மட்டுமே. கடைசித் தேதிக்குள் முழு பில்லும் கட்டாவிட்டால் வட்டியில்லாக் காலம் போய்விடும், பொருள் வாங்கிய நாளிலிருந்து வட்டி ஓடும். 12-ஆம் தேதி கட்டியதற்கும் வட்டி வந்திருக்கும், அது செல்லும். ஆனால் கட்டாத கட்டணம், வரி ஆகியவற்றை அசலோடு சேர்த்து அதற்கு வட்டி போடக் கூடாது. உங்கள் லேட் ஃபீக்கும் ஜி.எஸ்.டிக்கும் அடுத்த மாதம் வட்டி ஏறியதா என்று வங்கியிடம் கணக்கீட்டுத் தாள் கேளுங்கள். பில்லை ஆட்சேபித்து எழுதினால் 30 நாளுக்குள் விளக்கமும், தேவைப்பட்டால் ஆவணமும் தர வேண்டும்.

இணையத்தில் சுற்றும் இரண்டு வாதங்களைத் தொடாதீர்கள். ஒன்று, ‘30 சதவீதத்துக்கு மேல் வட்டி கூடாது’ என்பது. தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் அப்படிச் சொன்னது உண்மை. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. இன்னொன்று, அபராதக் கட்டணம் பற்றிய ரிசர்வ் வங்கியின் 2023 ஆகஸ்ட் 18 சுற்றறிக்கை. கிரெடிட் கார்டுக்கு அது பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அதை மேற்கோள் காட்டினால், விஷயம் தெரியாதவர் என்று வங்கிக்கு நீங்களே சொல்லிக் கொடுத்ததாகிவிடும்.

புகாரைக் கஸ்டமர் கேரில் பேசி மட்டும் முடிக்காதீர்கள். மின்னஞ்சலில் அல்லது வங்கியின் புகார்ப் படிவத்தில் எழுதிப் புகார் எண் வாங்குங்கள். இவ்வளவு போதும்:

“என் கார்டின் மே மாத பில்லுக்குக் கடைசித் தேதி 10. முழுத் தொகை ரூ.38,640-ஐ 12-ஆம் தேதி செலுத்தினேன். ரெஃபரன்ஸ் எண், வங்கிக் கணக்கு நகல் இணைப்பில். கணக்கு மூன்று நாளுக்கு மேல் நிலுவையில் இல்லாததால், ரிசர்வ் வங்கி நெறிமுறைப்படி ரூ.1,100 தாமதக் கட்டணம் செல்லாது. அதையும் ஜி.எஸ்.டி ரூ.198-ஐயும், இவற்றின் மேல் வட்டி பிடித்திருந்தால் அதையும் திருப்பி வரவு வையுங்கள். ஆகஸ்ட் பில்லில் நிலுவை ரூ.9,900 மட்டுமே. மொத்தத் தொகையை வைத்துக் கூடுதலாகப் பிடித்த ரூ.236-ஐயும் திருப்பி வரவு வையுங்கள். தாமதம் என்று கடன் தகவல் நிறுவனத்துக்கு மே மாதத்துக்காக ஏதும் அனுப்பியிருந்தால் திருத்துங்கள்.”

பெரும்பாலும் ‘ஒருமுறைச் சலுகை’ என்று கட்டணத்தை மட்டும் நீக்குவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் ஜி.எஸ்.டியும் சேர்ந்து வந்ததா என்று அடுத்த பில்லில் பாருங்கள். பணத்துக்குப் பதில் ரிவார்ட் பாயின்ட் என்றால் வேண்டாம் என்று எழுதுங்கள்.

புகார் நிலுவையில் இருக்கிறது என்று பில்லைக் கட்டாமல் நிறுத்த வேண்டாம். சர்ச்சையில் உள்ள கட்டணத்துக்காகப் பணத்தைப் பிடித்து வைத்தால் புதிய லேட் ஃபீ விழும், இந்த முறை அது செல்லும். ஆட்சேபத்தோடு கட்டுவதாக ஒரு வரி எழுதிவிட்டு முழுத் தொகையையும் கட்டிவிடுங்கள். கட்டியதால் உங்கள் உரிமை போகாது.

பதில் திருப்தி இல்லையென்றால் வங்கியின் நோடல் அதிகாரிக்கு (புகார்களுக்குப் பொறுப்பான மேல் அதிகாரி) எழுதுங்கள். முதல் புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது மறுத்துவிட்டார்கள் என்றால், ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ் என்ற புகார் இணையதளத்தில் ஒம்புட்ஸ்மேனுக்குப் புகார் போடலாம். கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448. இதை மூன்று மாதத்துக்கு மேல் தள்ளிப்போடாதீர்கள். வங்கிக்கு எழுதாமல் நேரே போனால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ‘கட்டணம் அதிகம்’ என்று எழுதினாலும் தள்ளுபடிதான், ஏனென்றால் கட்டணத்தை நிர்ணயிப்பது வங்கியின் வணிக முடிவு, ஒம்புட்ஸ்மேன் அதில் தலையிட மாட்டார். ‘நெறிமுறைக்கு மாறாகப் பிடித்தது, சேவைக் குறைபாடு’ என்று எழுதுங்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையம் இன்னொரு வழி. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, வழக்கறிஞர் இல்லாமலே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக் கெடு, ஆகவே ஆகஸ்ட் விஷயத்துக்குத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே விஷயத்தை ஒம்புட்ஸ்மேனிடமும் ஆணையத்திலும் ஒரே நேரத்தில் நடத்த முடியாது. ஆணையத்தில் வழக்கு இருந்தால் ஒம்புட்ஸ்மேன் கதவு மூடிவிடும். 1,534 ரூபாய்க்கு நான் முதலில் ஒம்புட்ஸ்மேனைத்தான் சொல்வேன்.

இதற்கிடையில் சிபில் அறிக்கையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மே மாதத்துக்கு எதிரே தாமத நாள் ஏதும் பதிவாகியிருந்தால் அங்கேயும் திருத்தக் கோரிக்கை போடுங்கள். 30 நாளுக்குள் முடிக்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் வீதம் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் கடைசியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது.