‘டீச்சர், ஒரு சந்தேகம்’: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. பட்டமோ முதுகலையோ முடித்துவிட்டு உயர்நிலை வகுப்புகளுக்கு ஆசிரியராகப் பயிற்சி எடுப்பவர்களும், எடுக்கலாமா என்று யோசிப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள். நான் 22 ஆண்டுகள் இயற்பியல் நடத்தினேன். அதற்குப் பிறகு 11 ஆண்டுகள் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பயிற்சி ஆசிரியர்கள் பாடம் எடுப்பதைப் பார்த்துக் குறிப்பெழுதினேன். அந்த இரண்டு இடங்களிலிருந்தும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: முதுகலை இயற்பியலில் முதல் வகுப்பில் தேறியிருக்கிறேன். ஐந்து வருஷம் படித்த பாடத்தை ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்லித்தர இன்னொரு படிப்பு எதற்கு? சான்றிதழுக்காக மட்டும்தானா?

நானும் இப்படித்தான் நினைத்தேன் தம்பி. பயிற்சி எதுவும் இல்லாமலே வகுப்புக்குள் போனவள் நான். முதல் வருஷம் மின்சுற்று நடத்தினேன். ஒரு பேட்டரி, இரண்டு ஒயர், ஒரு பல்பு. போர்டில் படம் போட்டு, மின்னோட்டம் போகும் வழிக்கு அம்புக்குறி இட்டு, “புரிஞ்சுதா?” என்று கேட்டேன். “புரிஞ்சுது டீச்சர்” என்று ஒரே குரலில் பதில் வந்தது. எனக்கும் திருப்தி.

தேர்வுத்தாளில் ஒரு கேள்வி: பல்புக்கு முன்னால் இருக்கும் மின்னோட்டமும் பின்னால் இருப்பதும் சமமா? 42 தாள்களில் 19 தாள்களில், “பின்னால் குறைவாக இருக்கும், ஏனென்றால் பல்பு கொஞ்சம் எடுத்துக்கொண்டுவிடும்” என்று எழுதியிருந்தது. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் அந்தப் பத்தொன்பதில் இருந்தார்கள். கவனிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு, அதே பாடத்தை அதே மாதிரி, இன்னும் உரக்க நடத்தினேன். அடுத்த தேர்விலும் அதே பதில்.

இரண்டு வருஷம் கழித்துப் பயிற்சியில் சேர்ந்தபோதுதான் எனக்குக் காரணம் விளங்கியது. நியூசிலாந்தில் ரோஜர் ஆஸ்பர்ன் என்பவர் 1980களின் தொடக்கத்தில் பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து, மின்னோட்டத்தைப் பற்றி அவர்கள் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தார். நான்கு வகையான எண்ணங்கள் கிடைத்தன. ஒரே ஒயரில் போய் பல்போடு முடிந்துவிடுகிறது என்பது ஒன்று. இரண்டு பக்கமிருந்தும் வந்து பல்பில் மோதிக்கொள்கிறது என்பது இன்னொன்று. சுற்றி வரும், ஆனால் வழியில் குறைந்துவிடும் என்பது மூன்றாவது. சுற்று முழுவதும் ஒரே அளவு என்ற சரியான எண்ணம் நான்காவது. என் 19 தாள்களில் இருந்தது அந்த மூன்றாவது. என் பிள்ளைகள் பாடத்தைக் கவனிக்காமல் இல்லை. அவர்களிடம் ஏற்கெனவே ஒரு விளக்கம் இருந்தது. அதைத் தொடாமலே நான் என் விளக்கத்தை மேலே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அடுத்த வருஷம் பல்புக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு அம்மீட்டர்களை மாட்டினேன். சுவிட்சைப் போடுவதற்கு முன், எவ்வளவு காட்டும் என்று ஒவ்வொருவரையும் நோட்டில் எழுதச் சொன்னேன். போட்டதும் இரண்டிலும் முள் 0.2 ஆம்பியரில் நின்றது. ஒரு பெண் எழுந்து வந்து, இரண்டாவது மீட்டரின் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, “இந்த மீட்டர் கெட்டுப்போச்சா டீச்சர்?” என்று கேட்டாள். மீட்டர்களை இடம் மாற்றி மாட்டினோம். அதே 0.2. கொஞ்ச நேரம் நின்றவள், “அப்போ பல்பு எதைத்தான் எடுத்துக்குது?” என்றாள். ஆற்றல் என்ற பாடம் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஐந்து வருஷம் பல்கலைக்கழகத்தில் படித்தும் எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

ஒரு பாடத்தில் பிள்ளைகள் எங்கே இடறுவார்கள், எந்த உதாரணம் கைகொடுக்கும், எது குழப்பும் என்கிற அறிவு தனி. வெறும் பாட அறிவும் பொதுவான கற்பித்தல் முறையும் சேர்ந்தால் தானாக அது வந்துவிடாது என்பதை 1986-ல் லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் எடுத்துச் சொன்னார். உங்கள் முதுகலை அந்த அறிவைத் தரவில்லை. தருவது அதன் வேலையும் இல்லை. பயிற்சிக்குப் போங்கள். உங்கள் பாட அறிவு அங்கே நன்றாக உதவும். அடிப்படையில் தடுமாறுகிற ஒருவரால் பிள்ளையின் தவறான பதிலுக்குள் போய்ப் பார்க்க நேரமே இருக்காது.

கேள்வி: கற்பித்தல் பயிற்சிக்காகப் பள்ளிக்குப் போய் மூன்றாவது வாரம். எட்டாம் வகுப்பு அடங்குவதே இல்லை. கத்திக் கத்திக் குரல் போய்விட்டது. நேற்று மேற்பார்வையாளர் பின்னால் உட்கார்ந்து இரண்டு பக்கம் குறை எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அழுதேன். நான் இதற்கு லாயக்கில்லையோ என்று தோன்றுகிறது. (பெயர் வேண்டாம்)

அம்மா, மூன்றாவது வாரத்தில் அழாத பயிற்சி ஆசிரியர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. முதல் வாரம் பிள்ளைகள் உங்களை வேடிக்கை பார்க்கிறார்கள், இரண்டாவது வாரம் அளந்து பார்க்கிறார்கள். அளவெடுத்து முடிக்கும் நேரத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். இதை வைத்து லாயக்கு இருக்கிறதா இல்லையா என்று முடிவுசெய்ய முடியாது.

ஜேக்கப் கூனின் என்பவர் வகுப்பறைகளை வீடியோவில் பதிவுசெய்து ஆராய்ந்து 1970-ல் வெளியிட்டார். பிள்ளை தவறு செய்த பிறகு ஆசிரியர் என்ன செய்கிறார், திட்டுகிறாரா, மிரட்டுகிறாரா, மென்மையாகச் சொல்கிறாரா என்பதில்தான் வித்தியாசம் இருக்கும் என்று எதிர்பார்த்தார். அதில் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. வகுப்பை நன்றாகக் கொண்டுபோகிற ஆசிரியர்கள் தவறு வளர்வதற்கு முன்பே கவனித்துவிடுகிறார்கள், வகுப்பில் எந்த மூலையில் என்ன நடக்கிறது என்பது தனக்குத் தெரியும் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிடுகிறார்கள், ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு இழுபறி இல்லாமல் மாறுகிறார்கள் என்பதுதான் அவர் கண்டது.

கடைசி பெஞ்சிலிருந்து நான் கண்டதும் இதுதான். புதியவர்களின் கண் முதல் இரண்டு வரிசையைத் தாண்டாது. பயத்தில், தலையாட்டுகிற முகங்களைத் தேடிப் போய் நின்றுவிடும். பிறகு போர்டுப் பக்கம் திரும்பி எழுதத் தொடங்குவார்கள். ஒருமுறை கைக்கடிகாரத்தில் பார்த்தேன்: ஒரு தம்பி நாலு நிமிடம் முதுகைக் காட்டிக்கொண்டு எழுதினார். அந்த நாலு நிமிடத்தில் பின்வரிசையில் ஒரு பேனா மூடி ஆறு கை மாறியது, யார் பையோ ஜன்னலுக்கு வெளியே போனது. திரும்பியபோது சத்தம் மட்டும்தான் அவருக்குக் கேட்டது, தொடக்கம் தெரியவில்லை. அதனால் முதல் வரிசையில் இருந்த, சம்பந்தமே இல்லாத பையனைத் திட்டினார். அன்றைக்கு அந்த வகுப்பு அவர் கையை விட்டுப் போய்விட்டது.

ஆகவே, போர்டில் எழுதும்போது பக்கவாட்டில் நில்லுங்கள். இரண்டு வரி எழுதி, திரும்பிப் பாருங்கள். பாதி வகுப்பு நேரம் பின்னால் போய் நின்று பேசுங்கள். பிள்ளைகள் உள்ளே நுழையும்போதே போர்டில் அவர்கள் செய்ய ஒரு சின்ன வேலை எழுதியிருக்கட்டும். நோட்டு கொடுக்கிற இரண்டு நிமிடம்தான் வகுப்பு கலையும் நேரம். வரிசைக்கு ஒருவர் எடுத்துக் கொடுக்கும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். குரலை உயர்த்தாதீர்கள். நீங்கள் உயர்த்தினால் அவர்களும் உயர்த்துவார்கள், தொண்டை உங்களுக்கு ஒன்றுதான் இருக்கிறது.

இன்னொன்று, கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு அளந்தபோது, ஆசிரியர்கள் கேள்விக்குப் பிறகு சராசரியாக ஒரு வினாடிதான் பொறுக்கிறார்கள் என்று தெரிந்தது. அதையே மூன்று வினாடிக்கு மேல் ஆக்கியபோது பதில்கள் நீண்டன, கூப்பிடாமலே பதில் சொல்கிறவர்கள் கூடினார்கள், ‘தெரியாது’ குறைந்தது. மூன்று வினாடி என்று எழுத எளிது. வகுப்பின் முன்னால் நிற்கும்போது அது ஒரு யுகம். நான் டஸ்டரைப் பிடித்திருக்கும் கையில் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தி எண்ணுவேன். கட்டைவிரலுக்கு வரும்வரை வாயைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

அந்த இரண்டு பக்கக் குறைகளைப் பற்றி: எல்லாவற்றையும் ஒரே வகுப்பில் யாராலும் திருத்த முடியாது. எழுதித் தள்ளுகிற மேற்பார்வையாளர்களும் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். நானே முதல் சில வருஷங்கள் அப்படி எழுதி நல்ல பிள்ளைகளை நோகடித்திருக்கிறேன், இன்றும் அது உறுத்துகிறது. அவரிடம் போய், “அடுத்த வகுப்பில் ஒன்றை மட்டும் மாற்றுவதென்றால் எதை மாற்றட்டும்?” என்று கேளுங்கள். அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அடுத்த முறை அவர் வரும்போது, அதை மட்டும் பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள்.

கேள்வி: 45 நிமிட வகுப்புக்கு நாலு பக்கம் பாடக்குறிப்பு எழுதச் சொல்கிறார்கள். தினமும் இரவு ஒரு மணி ஆகிறது. வேலைக்குப் போன பிறகு யாராவது இப்படி எழுதுகிறார்களா?

எழுதுவதில்லை. ஆனால் யோசிக்கிறார்கள். அந்த யோசனை பழகும்வரைதான் இந்த நாலு பக்கம். எழுதுவதில் எது உங்களுக்குப் பயன்படும், எது படிவத்தை நிரப்புவது என்று பிரித்துப் பாருங்கள்.

நோக்கத்தை ஒரு வரியில் எழுதுங்கள், அதுவும் கண்ணால் பார்க்கக்கூடிய வினைச்சொல்லில். அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூமும் அவர் கூட்டாளிகளும் 1956-ல் அறிவின் நிலைகளை, நினைவிலிருந்து சொல்வது முதல் மதிப்பிடுவது வரை, ஆறாக வகுத்தது கல்விக் கல்லூரிகளில் மனப்பாடப் பகுதியாகிவிட்டது. அதன் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. ‘மாணவர் புரிந்துகொள்வர்’ என்று எழுதினால் வகுப்பு முடிந்ததும் புரிந்ததா என்று நீங்கள் எதை வைத்துச் சொல்வீர்கள்? ‘இரண்டு சுற்றுகளை ஒப்பிட்டு எதில் பல்பு பிரகாசமாக எரியும் என்று காரணத்தோடு சொல்வர்’ என்று எழுதினால் பார்த்துவிடலாம்.

பிறகு, வகுப்பில் கேட்கப்போகிற மூன்று முக்கியமான கேள்விகளை முழு வாக்கியமாக எழுதுங்கள். நின்ற இடத்தில் உருவாக்குகிற கேள்வி பெரும்பாலும் ‘சரியா? புரிஞ்சுதா?’ என்றுதான் முடியும். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், பிள்ளைகள் சொல்லக்கூடிய தவறான பதில் ஒன்றை எழுதிவையுங்கள். இந்த அரைப் பக்கத்தை முதலில் எழுதிவிட்டு மற்றதைச் சுருக்கமாக நிரப்புங்கள். இரவு பத்து மணிக்கு மூடிவிடுங்கள். தூங்காத ஆசிரியருக்குப் பொறுமை இருக்காது, அதைப் பிள்ளைகள் நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கேள்வி: வயது 39. பதினைந்து வருஷம் கணக்குத் துறையில் இருந்தேன். இப்போது ஆசிரியப் பயிற்சிக்குப் போவது தாமதமா?

இல்லை. என்னிடம் பயிற்சிக்கு வந்தவர்களில் உங்கள் வயதினர் பாடத்தை எதற்குப் படிக்கிறோம் என்று சொல்வதில் இளையவர்களைவிடத் தெளிவாக இருந்தார்கள். சிரமப்பட்டது வேறு ஒன்றில்: தன்னைவிடப் பத்து வயது குறைந்த வழிகாட்டி ஆசிரியர் திருத்தும்போது ஏற்றுக்கொள்வது. அதற்கு மனதைத் தயார்செய்துகொண்டு வாருங்கள். ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ வருமானம் குறையும் என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டுச் சேருங்கள்.

கேள்வி: எத்தனையோ படிப்புகள் விளம்பரத்தில் வருகின்றன. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

இரண்டு கேள்விகள் கேளுங்கள். முதலாவது, நீங்கள் வேலை பார்க்க நினைக்கும் நாட்டில் அந்தப் படிப்பு ஆசிரியராகும் தகுதியைத் தருகிறதா? இங்கிலாந்தில் பி.ஜி.சி.இ. என்பது கல்வித் தகுதி, கியூ.டி.எஸ். என்பது ஆசிரியர் தகுதிநிலை. இரண்டும் சேர்ந்து வரும் படிப்பும் உண்டு, முதலாவது மட்டும் வரும் படிப்பும் உண்டு. பணம் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொண்டவர்கள் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஃபின்லாந்து போன்ற நாட்டில் முதுகலைப் பட்டம் இல்லாமல் நிரந்தர ஆசிரியராக முடியாது.

இரண்டாவது, உண்மையான பிள்ளைகளின் முன்னால் எத்தனை நாள் நிற்க வைப்பார்கள்? இங்கிலாந்தில் வழக்கமாகக் குறைந்தது 120 நாள் பள்ளியில் இருக்க வேண்டும். இந்தியாவில் 2015-ல் பி.எட். இரண்டாண்டாக நீண்டபோது 20 வாரப் பள்ளி அனுபவம் அதில் சேர்க்கப்பட்டது. இது காகிதத்தில் இருக்கிறதா, நடக்கிறதா என்று அங்கே படித்து முடித்தவர்களிடம் கேளுங்கள். சக மாணவர்களையே பிள்ளைகளாக உட்காரவைத்து ஐந்து நிமிடம் பாடம் எடுக்கும் நுண்ணிலைக் கற்பித்தல் நல்ல தொடக்கம்தான். 1960களில் ஸ்டான்ஃபோர்டில் அது உருவானபோது, எடுத்த பாடத்தைப் பற்றிப் பேசி, திருத்தி, திரும்ப எடுப்பதுதான் அதன் உயிராக இருந்தது. திரும்ப எடுக்கவைக்காமல் மதிப்பெண் மட்டும் போட்டு அனுப்புகிற இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: பயிற்சி முடிந்தது. அடுத்த வாரம் முதல் வேலை, முதல் வகுப்பு. என்ன எடுத்துக்கொண்டு போகட்டும் டீச்சர்?

வாழ்த்துகள் மகளே. வகுப்பின் பெயர்ப் பட்டியலை இன்றைக்கே வாங்கிவிடு. வாய்விட்டுப் படித்துப் பார். எந்தப் பெயர் நாக்கில் தடுக்குகிறதோ அதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வை. முதல் நாள் அந்தப் புள்ளி வைத்த பிள்ளைகளிடம், “உன் பேரை எப்படிக் கூப்பிடணும்னு சொல்லு” என்று கேட்டு, அவர்கள் சொன்னபடியே இரண்டு முறை சொல்லிப் பார். உட்காரும் வரிசையை ஒரு தாளில் கட்டம் போட்டு, பெயர்களை எழுதி மேசையில் வைத்துக்கொள். கூடவே இரண்டு சாக்பீஸ், ஒரு தண்ணீர் பாட்டில்.