கல்யாணத் திகதியும் குளிசையும்

கேள்வி: எனக்கு 29 வயது. மனச்சோர்வுக்காக ஒன்றரை வருடமாகத் தினமும் சேர்ட்ரலின் 100 மில்லிகிராம் எடுக்கிறேன். எட்டு மாதமாக நன்றாக இருக்கிறேன். ஆவணியில் திருமணம், பிறகு வேலையை விட்டுக் கண்டிக்குப் புகுந்த வீடு போகிறேன். "மாமி ஆக்கள் கண்டால் என்ன நினைப்பினம்? இப்பவே ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு நிப்பாட்டு" என்கிறார் அக்கா. நிறுத்தலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: இப்போது வேண்டாம். உங்கள் கடிதத்தில் உடம்பைப் பற்றியோ மனத்தைப் பற்றியோ ஒரு காரணமும் இல்லை. மாமி கண்டுவிடுவார் என்ற ஒன்றுதான் இருக்கிறது. மருந்தைக் குறைக்கும் நாளைத் தீர்மானிக்க அது போதாது என்பதை, அக்காவின் அக்கறையை மதித்துக்கொண்டே, அழுத்தமாகச் சொல்கிறேன்.

குணமான பின்னரும் குறைந்தது ஆறு மாதம் மருந்தைத் தொடர்வது பொதுவான மருத்துவ நடைமுறை. முன்பும் மனச்சோர்வு வந்தவர்களுக்கு அது இரண்டு வருடம் வரையோ அதற்கு மேலோ நீளலாம். ஆகவே குறைப்பதைப் பற்றிப் பேச உங்களுக்கு உரிமை உண்டு. பிரித்தானியாவில் நீண்டகாலம் மருந்து எடுத்து நலமாக இருந்த 478 பேரிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 39 சதவீதமானோருக்கும், படிப்படியாக நிறுத்தியவர்களில் 56 சதவீதமானோருக்கும் ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியது. நிறுத்தியும் நலமாக இருந்தவர்கள் கணிசமானோர் என்பதையும் அதே கணக்குக் காட்டுகிறது.

சிக்கல் நீங்கள் தேர்ந்த காலத்தில் இருக்கிறது. மருந்தைக் குறைத்த சில நாட்களில் தலைசுற்றல், ஓங்காளம், தூக்கமின்மை, எரிச்சல், காரணமில்லாத அழுகை, தலைக்குள் கரண்ட் அடித்தது போன்ற உணர்வு ஆகியவை வரலாம். மனச்சோர்வு திரும்புவதானால் பெரும்பாலும் வாரங்களோ மாதங்களோ கழித்து, மெல்லத் திரும்பும். சாதாரண நாட்களில் இவ்விரண்டையும் பிரித்தறிய வைத்தியருக்கு வழி உண்டு. ஆனால் பொன்னுருக்கலுக்கும் கூறைக்குமாக அலைந்து, அலுவலகப் பொறுப்புகளை ஒப்படைத்து, பழக்கமில்லாத வீட்டில் விடிய எழும்பும் ஒரு பெண் குசினியில் நின்று அழுதால், அது அம்மாவைப் பிரிந்த துயரமா, களைப்பா, மருந்து குறைந்ததன் விளைவா, நோய் திரும்பியதா என்று யார் சொல்வது? உங்கள் பழைய நிலையை அறிந்த வைத்தியர் கொழும்பில் இருப்பார். அந்த வீட்டாருக்கோ நீங்கள் குளிசை எடுத்ததே தெரிந்திருக்காது.

ஒருநாள் விட்டு ஒருநாள் என்ற முறையும் தவறு. சேர்ட்ரலின் ஏறத்தாழ ஒரு நாளில் இரத்தத்தில் பாதியாகிவிடும் மருந்து என்பதால், அப்படிப் போட்டால் அதன் அளவு ஏறுவதும் இறங்குவதுமாகவே இருக்கும். தினமும் எடுக்கும் அளவைத்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அதிலும் 100இலிருந்து 50க்கு இறங்குவதைவிட, 25இலிருந்து ஒன்றுமில்லாத நிலைக்கு இறங்குவதே மூளைக்குப் பெரிய இறக்கம். மேற்படிகள் தாழ்வாகவும் கடைசிப் படி இடுப்பளவு உயரமாகவும் கட்டிய மாடிப்படி போன்றது இது. அந்தக் கடைசிக் கட்டத்துக்கு மட்டுமே மாதக்கணக்கு தேவைப்படுவோர் உண்டு. ஆவணிக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று ஓடுபவரால் அதைச் செய்ய முடியாது.

மாறுதலே இல்லாத காலம் வரட்டும் என்று காத்திருக்கச் சொல்லவில்லை. அப்படியொரு காலம் யாருக்கும் வருவதில்லை. கண்டியில் தூக்கமும் சாப்பாடும் ஒழுங்குக்கு வந்து, அடுத்த வேலை பற்றி ஒரு முடிவும் ஏற்பட்டு, சில மாதங்களுக்குப் பெரிய அலைச்சல் இல்லை என்று தெரிந்தால் அது போதும்.

அதற்கு முன் மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள். நீரிழிவுக்கு மருந்து எடுப்பதை மறைத்துத் திருமணம் செய்யும்படி அக்கா உங்களிடம் கேட்டிருக்க மாட்டார். பக்கத்தில் ஒருவருக்காவது விடயம் தெரிந்திருந்தால்தான், பின்னர் மருந்தைக் குறைக்கும்போது உங்களில் தெரியும் மாற்றத்தை அவர் கவனித்துச் சொல்ல முடியும். மாமியிடம் சொல்வதா, எப்போது சொல்வதா என்பதை நீங்கள் இருவரும் பிறகு பேசி முடிவெடுக்கலாம்.

அடுத்த கிளினிக் நாளில் இந்தத் திட்டத்தை வைத்தியரிடம் சொல்லி, கண்டியில் தொடர்ந்து காட்டுவதற்குக் கடிதமும், திருமண அலைச்சலில் தீர்ந்துபோகாத அளவுக்குக் குளிசையும் கேட்டு வாங்குங்கள். குழந்தை பற்றிய எண்ணம் இருந்தால் அதையும் அன்றே சொல்லுங்கள். கருத்தரித்த பின் பயந்துபோய்த் திடீரென நிறுத்துவதைவிட முன்கூட்டியே பேசிவைப்பது பாதுகாப்பு. இடையில் உயிரை மாய்க்கும் எண்ணம் ஏதும் தலைகாட்டினால் கிளினிக் நாள்வரை பொறுக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவிலும் அழைக்கலாம்.